சென்டர் எடுக்கிற கை

வண்டலூரில் பஸ் ஏறியதும் என் மடியில் இருந்த பையைத் தூக்கிப் பார்த்த கண்டக்டர், “என்ன சார், எடைக்கல்லா?” என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான். கோணியில் சுற்றிய 125 மி.மீ. லேத் சக் அது. பழைய சாமான் கடையில் மலிவாக வாங்கியது.

மாடியில் பொழுதுபோக்குக்காக ஒரு குட்டி லேத் வைத்திருக்கிறேன். அதோடு வந்தது மூன்று தாடை ‘ட்ரூ சக்’. சாவியை ஒரு பக்கம் திருகினால் மூன்று தாடைகளும் சேர்ந்து நகர்ந்து, உருட்டுக் கம்பியை ஏறக்குறைய நடுவில் பிடித்துவிடும். சதுரக் கம்பியையோ கோணல்மாணலான வார்ப்பையோ அது பிடிக்காது. அதற்கு வேண்டியது நான்கு தாடைகளும் தனித்தனித் திருகில் நகரும் சக். நம் பட்டறைகளில் அதற்கு ‘டாக் சக்’ என்று பெயர். நான் வாங்கிய டாக் சக்கின் ஆட்டமோ என்ன செய்தும் அடங்கவில்லை. வாலாஜாபாத்தில் ஒரு டர்னர் இருக்கிறார், அவரிடம் காட்டு என்றார் நண்பர்.

படப்பை தாண்டி ஒரகடம் வந்தது. இந்த வட்டாரத்தில் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று அடுத்தடுத்து ஆலைகள் திறந்தன. இத்தகைய ஆலைகளுக்கு உதிரிபாகம் கடையும் சி.என்.சி. இயந்திரங்களில் சக்குக்குச் சாவியே கிடையாது. பெடலை மிதித்தால் எண்ணெய் அழுத்தத்தில் தாடைகள் கவ்வும். ஷிஃப்ட் முழுக்க ஒரே அளவு ஜாப் வருவதால் தாடைகளையும் அந்த அளவுக்கே கடைந்து வைத்துவிடுவார்கள். சென்டர் எங்கே என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை.

வாலாஜாபாத் பட்டறைக்கு வரும் ஜாப் எதுவும் இன்னொன்று போல இருப்பதில்லை. டிராக்டர், அரிசி ஆலை, போர்வெல் மோட்டார் என்று உடைந்ததும் தேய்ந்ததும்தான் வருகின்றன. நான் போனபோது, பேரிங் உட்காரும் துளை தேய்ந்துபோன ஒரு வார்ப்பிரும்பு பிராக்கெட்டை டர்னர் அண்ணன் தன் டாக் சக்கில் ஏற்றிக்கொண்டிருந்தார். துளையைப் பெரிதாக்கிப் புஷ் போட வேண்டுமாம்.

“இது உருண்டையும் இல்ல, சதுரமும் இல்ல. ட்ரூ சக்கு இத வாங்காது சார்.”

சக்கின் முகத்தில் வெட்டியிருக்கும் வட்டக் கோடுகளை வைத்து முதலில் கண்ணாலேயே உத்தேசமாக நடுவுக்குக் கொண்டுவந்தார். பிறகு துளையின் தேயாத விளிம்பில் டயல் கேஜின் முனையை வைத்தார். ஒன்றாம் தாடைக்கு நேரே பூஜ்யம். சக்கைக் கையால் அரைச் சுற்று திருப்பினார். மூன்றாம் தாடைக்கு நேரே முள் நாற்பது பிரிவு ஓடியிருந்தது. ஒரு பிரிவு 0.01 மி.மீ. “நாப்பது காட்டினா நகத்த வேண்டியது இருபதுதான். புதுப் பசங்க நாப்பதையும் நகத்திட்டு முழிப்பாங்க.” ஒரு தாடையைத் தளர்த்தி, எதிர்த் தாடையை இறுக்கினார். அடுத்து இரண்டும் நான்கும். டீ வருவதற்குள் முள் நின்ற இடத்தில் நின்றது. சாவியைப் பிடுங்கி ஆணியில் மாட்டிய பிறகுதான் மோட்டாரைப் போட்டார்.

டீயைக் குடித்துவிட்டு என் மூட்டையை அவிழ்த்தார். தாடைகளைக் கழற்றி வைத்துவிட்டு, சந்தையில் பானை வாங்குகிறவர் மாதிரி சக்கின் உடலை மரச்சுத்தியால் தட்டிக் காதைக் கொடுத்தார். கணீரென்றது. விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகுமாம். “நல்லாத்தான் இருக்கு. ஆனா சாதா வார்ப்பிரும்பு. ஓவரா வேகம் வெச்சீங்கன்னா தெறிச்சிடும். அதுல போட்டிருக்கிற வேகத்தைத் தாண்டாதீங்க.”

தாடைகளின் அடியில் குத்தியிருந்த எண்களைப் படித்துச் சிரித்தார். ஒன்றாம் எண் தாடை மூன்றாம் எண் பள்ளத்தில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு தாடையையும் அதனதன் பள்ளத்துக்கென்றே இழைத்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் ஒன்று இறுகும், ஒன்று ஆடும். இடம் மாற்றியதும் இரண்டும் வழுக்கிக்கொண்டு போயின.

அடுத்துத் திருகுகள். ஒவ்வொரு திருகின் கழுத்தையும் குதிரை லாடம் போன்ற ஒரு துண்டு பிடித்திருக்கிறது. இறுக்கும் விசை முழுவதையும் தாங்குவது அதுதான். அது தேய்ந்தால் சாவியைத் திருப்பும்போது தாடை நகராது, திருகுதான் முன்னும் பின்னும் போகும். நான்காம் திருகில் அந்த ஆட்டம் இருந்தது. “இது ஒண்ண மாத்திடலாம். நாலுமே இப்படின்னா வாங்கவே கூடாது.”

கடைசியாகக் காகிதச் சோதனை. சுத்தமாகக் கடைந்த ஒரு கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு தாடையின் வாயிலும் அடியிலுமாக எட்டுக் காகிதத் துண்டுகளைச் செருகி இறுக்கினார். எட்டும் ஒரே மாதிரி இறுகியிருந்தால் நல்ல சக். அடியில் இறுகி வாயில் உருவிக்கொண்டு வந்தால் வாய் விரிந்த கிழட்டுச் சக். என்னுடையது எட்டையும் பிடித்துக்கொண்டது.

“அப்புறம் ஏண்ணே அடங்கல?”

“பேக் பிளேட்ட எங்க கடைஞ்சீங்க?”

வேறொருவர் லேத்தில் கடைந்து வாங்கியது என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். சக்கை லேத்தோடு இணைக்கும் அந்தத் தட்டை, அது ஓடப்போகும் லேத்திலேயே மாட்டி முகம் கடைய வேண்டுமாம். டாக் சக் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் தாடைகளால் சரிக்கட்டிவிடலாம். சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் எந்தத் தாடையாலும் நிமிர்த்த முடியாது. தாடைக்குப் பக்கத்தில் டயல் அசையாது நிற்கும், நான்கு விரற்கடை தள்ளி வைத்தால் ஆடும். மாதக்கணக்காக என் மாடியில் நடந்தது அதுதான். நான் திட்டியதெல்லாம் சக்கை.

“இன்னும் பெருசா வாங்கலாமாண்ணே?”

“குட்டி லேத்துக்கு இதுவே போதும். பெரிய சக்கோட எடைய பேரிங் தாங்கணும். நீட்டின தாடை பெட்ல இடிக்கும்.”

பிறகு தன் லேத்தில் ஒரு சதுரக் கம்பியைக் கொடுத்து, “நீங்க சென்டர் எடுங்க” என்றார். இருபது நிமிடம் ஆனது. இருபது நகர்த்த வேண்டிய இடத்தில் நானும் நாற்பது நகர்த்தி முழித்தேன். ஒரு வழியாக முள் இரண்டு பிரிவுக்குள் அடங்கியதும் பெருமையோடு சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன்.

அண்ணன் எதுவும் சொல்லவில்லை. சுவிட்சுக்கும் எனக்கும் நடுவில் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

சாவி சக்கிலேயே இருந்தது.