ஊருக்கு என்ன வாங்கிச் செல்வது?

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து வாழும் குடும்பங்களில் ஆண்டிற்கு இரண்டொரு முறை ஒரு பெரிய கேள்வி எழும். பொங்கலுக்கோ, குலதெய்வத் திருவிழாவிற்கோ, தங்கையின் வளைகாப்பிற்கோ புறப்படும் வேளையில், "ஊருக்கு என்ன வாங்கிச் செல்வது?" என்பதே அக்கேள்வி. வெறுங்கை முழம் போடாது என்பது நம்மவர் அறிந்த பழமொழி. "பெங்களூரிலிருந்து வருகிறார்கள்" என்று வாயிற்படியில் காத்திருக்கும் அத்தைக்கும், அண்ணன் மகளுக்கும், எதிர்வீட்டுப் பாட்டிக்கும் ஏதேனும் ஒன்று கொடுத்தால்தான் நமக்கும் மனம் நிறையும். ஆனால் பெட்டி கட்டிய பிறகு, பேருந்து நிலையத்து வாயிலில் மினுக்குவதை எல்லாம் அள்ளிக்கொண்டு ஓடுவதே பலருடைய வழக்கமாகி விட்டது. பணமும் போகிறது, பொருளும் நிலைப்பதில்லை. ஆகையால் ஸ்ரீராம்புரத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம், தன் வாயிலிலிருந்து அதிக தூரம் செல்லாமலேயே, எவற்றை வாங்கலாம், எவற்றை விலக்கலாம் என்பதைப் பற்றிச் சில யோசனைகளை இங்கே எழுத முற்படுகின்றோம்.

ஸ்ரீராம்புரத்தை அறியாத வாசகர்களுக்கு முதலில் சிறிது வழிகாட்ட வேண்டும். மெஜஸ்டிக் என்று எல்லோரும் அழைக்கும் பெரிய பேருந்து நிலையத்திற்கு வடமேற்கே, ஒகளிபுரத்தையும் மல்லேசுவரத்தையும் ராஜாஜிநகரையும் ஒட்டி அமைந்த பகுதி இது. சுற்றுப்புறத்தில் பஞ்சாலைகள் ஓடிய காலத்தில் தமிழ் நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பலர் இங்கே குடியமர்ந்தனர். குறுகிய தெருக்கள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரே தெருவில் அம்மன் கோயிலும், தையற்கடையும், வளையற்கடையும், அடகுக் கடையும், பூக்காரியின் கூடையும் இருக்கக் காணலாம். தமிழில் தொடங்கிய பேரம் கன்னடத்தில் நடந்து உருதுவில் முடிவதும் உண்டு. 2014 மார்ச் முதல் தேதி முதல் மெட்ரோ ரயிலும் இவ்வழியே ஓடுகின்றது. பச்சைத் தடத்தில் ஸ்ரீராம்புரத்திற்கு முந்திய நிலையம் சம்பிகே சாலை. சம்பிகே என்றால் நம் செண்பகம்தான். பூவின் பெயரைத் தாங்கிய அந்தச் சாலையில், முன்பு பஞ்சாலை இருந்த நிலத்தில், இன்று ஒரு பேரங்காடி எழுந்து நிற்கின்றது. பாட்டனார் நூல் நூற்ற இடத்தில் பேரப்பிள்ளைகள் ஆயத்த ஆடை பார்க்கிறார்கள். காலத்தின் மாறுதலை எண்ணி வியப்பதைத் தவிர வேறென்ன செய்வது?

எதிர்த்திசையில் செல்வோமாயின், ஸ்ரீராம்புரத்திலிருந்து நான்காவது நிலையத்தின் பெயரே சந்தன சோப்புத் தொழிற்சாலை என்பது. நம் பயணம் அங்கிருந்தே தொடங்கட்டும். பெங்களூரின் பெயர் சொல்லும் பரிசுகளில் முதலிடம் மைசூர் சந்தன சோப்பிற்கே உரியது என்பது நம் கருத்து.

அச்சோப்பின் வரலாறு சுவையானது. மைசூர் நாட்டுச் சந்தனக் கட்டைகள் முன்பெல்லாம் எண்ணெய் வடிப்பதற்காக ஐரோப்பாவிற்குச் சென்றன. முதல் உலகப் போர் மூண்டதும் அவ்வாணிகம் தடைப்பட்டது. கட்டைகள் குவிந்து கிடந்தன. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மன்னராகவும், ஸர் எம். விசுவேசுவரய்யா திவானாகவும் இருந்த காலம் அது. கட்டையை விற்பதை விட எண்ணெயை இங்கேயே வடித்து விற்போம் என்று துணிந்து, 1916-இல் அதற்கான ஆலையை அமைத்தனர். பின்னர், 1918-இல், அந்த எண்ணெயைக் கொண்டு சோப்புச் செய்யத் தலைப்பட்டனர். சோசலே கரளபுரி சாஸ்திரி என்னும் இரசாயன அறிஞர் அதற்கு வழி வகுத்தார். யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபம் அதன் முத்திரை ஆயிற்று. 1957-இல் தொழிற்சாலை இப்போதுள்ள இடத்திற்கு மாறியது. 2006-இல் இச்சோப்பிற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. போரினால் தேங்கிய கட்டை, நூறு ஆண்டு கடந்தும் மணக்கின்றது! ஊரிலுள்ள பெரியவர்களுக்கு இரண்டு கட்டி சோப்பும், பூசைக்குரிய சந்தன ஊதுவத்தி ஒரு கட்டும் கொண்டு சென்றால், அதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும்?

பொதுவாகவே சோப்பு வாங்கும் தாய்மார்கள் உறையின் மணத்தை மட்டும் முகர்ந்து பார்த்துத் திருப்தியடைதல் கூடாது. உறையின் மூலையில் சிறிய எழுத்தில் டி.எஃப்.எம். என்று ஓர் அளவு குறித்திருக்கும். கொழுப்புப் பொருள் நூற்றுக்கு எவ்வளவு என்பதே அதன் பொருள். இந்தியத் தர அளவின்படி முதல் தரக் குளியல் சோப்பில் அது 76-க்குக் குறையலாகாது. இரண்டாம் தரத்தில் 70. மூன்றாம் தரத்தில் 60. 'பாத்திங் பார்' என்று உறையில் எழுதியிருப்பின் அது வேறு வகை. அதில் 40 இருந்தாலே போதும் என்பது விதி. வறண்ட தோலுடைய முதியோருக்கும் குழந்தைகளுக்கும் முதல் தரமே ஏற்றது. எண்ணைப் பார்த்து வாங்குவதற்குக் காசு அதிகம் செலவாவதில்லை. கண்ணைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும்.

நிற்க. இனி விலக்க வேண்டியதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகின்றோம்.

ஊருக்குச் செல்லும் பெட்டிகளில் முகத்தைச் சிவப்பாக்கும் பூச்சு என்று சில சிறு டப்பாக்கள் இடம் பெறுகின்றன. கலியாணத்திற்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு என்றே அன்போடு வாங்குகிறார்கள். செய்தவர் பெயரும் இல்லை, விலாசமும் இல்லை. வெளிநாட்டு எழுத்துகள் மட்டும் பளபளக்கும். இத்தகைய பூச்சுகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கின்றது. பாதரசம் தோலின் வழியே உடம்பிற்குள் புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் கண்டதை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்னும் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்தப் பதினைவரில் 13 பேர் நோய் தோன்றுமுன் முகத்தை வெளுப்பாக்கும் பூச்சைப் பயன்படுத்தியவர்கள்! பூச்சை நிறுத்திய பின் பெரும்பாலோர் தேறினர் என்பது ஆறுதலான செய்தி. ஆயினும், சிவப்பழகு தேடப் போய்ச் சிறுநீரகத்தைப் பணயம் வைக்க வேண்டுமா?

நம் நாட்டு விதிகளின்படி சாதாரண முகப்பூச்சில், தற்செயலாகக் கலந்ததாயினும், பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கிற்கு மேல் இருத்தல் ஆகாது. முறையாக விற்கப்படும் பொருளின் உறையில் செய்தவர் பெயரும் விலாசமும், தொகுதி எண்ணும், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். பிற நாட்டிலிருந்து வந்ததாயின் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லாத டப்பா எவ்வளவு மலிவாயினும், எவ்வளவு நெருங்கியவர் பரிந்துரைத்தாலும், கையால் தொடாதீர்கள்.

இதில் உடல் நலத்தோடு மானமும் கலந்திருக்கின்றது. "நீ கறுப்பு; இதைப் பூசிக்கொள்" என்பதே அப்பரிசு சொல்லும் செய்தி. நம் அண்ணன் மகளுக்கு நூறு கல் தூரம் சுமந்து சென்று கொடுக்கத்தக்க செய்தியா அது? 1975-இல் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி என்னும் புகழ்பெற்ற முகப்பூச்சின் உரிமையாளர்களே 2020-இல் 'ஃபேர்' என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுத்து விட்டார்கள். வணிகரே கைவிட்ட சொல்லை உறவினராகிய நாம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. பெண்ணுக்கு ஏதேனும் கொடுக்க விரும்பினால் கண்ணாடி வளையல் இரண்டு டஜன் கொடுங்கள். அவளுடைய நிறத்திற்கு எது எடுக்கும் என்று ஸ்ரீராம்புரத்து வளையற்கடைக்காரரே சொல்லி விடுவார். மாநிறக் கைக்குப் பச்சையும் அரக்குச் சிவப்பும் எவ்வளவு பொலிவு என்பதை அவர் அறிவார்.

குங்குமமும் மருதாணியும் வாங்குவோர்க்கும் ஒரு வார்த்தை. நல்ல குங்குமம் மஞ்சளைக் காரப் பொருளோடு சேர்த்துச் சிவக்கச் செய்தது. சாயப்பொடி கலந்தது நெற்றியில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். மருதாணி இலை தரும் நிறம் செம்மையே. உடனே கன்னங்கரேல் என்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி'யில் தலைச்சாயத்தின் மருந்து கலந்திருக்கக் கூடும். அது குழந்தைகளின் கையைக் கொப்புளிக்கச் செய்யும்.

அடுத்து ஆடை. மணப்பெண்ணுக்கு ஒரே ஒரு நல்ல சேலை என்று எண்ணுவோர் மைசூர்ப் பட்டை நினைப்பது இயல்பு. 1912-இல் மைசூரில் மன்னர் தொடங்கிய நெசவாலையின் மரபில் வந்தது அது. இன்று கர்நாடக அரசின் பட்டுத் தொழிற் கழகம் அதனை நெய்து விற்கின்றது. காஞ்சிபுரம் கனமும் கரையும் கொண்டு நிற்கும்; மைசூர்ப் பட்டோ தண்ணீர் போல உடம்பில் வழியும். மோஸ்தர் மாறினாலும் மதிப்புக் குறையாத எளிமை அதனுடையது. விலை சற்று மிகுதியே. எந்தக் கடையில் எந்தப் பட்டை வாங்கினாலும், 2004-இல் மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் வந்த 'சில்க் மார்க்' சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அவ்வாரியத்தின் தலைமை அலுவலகமும் பெங்களூரிலேயே இருக்கின்றது. ஐயமிருந்தால் முந்தானை நூல் ஒன்றைக் கொளுத்திப் பார்க்கலாம். தூய பட்டு மயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். செயற்கை நூல் உருகிக் கெட்டியான மணியாகும். அவ்வளவு செலவிட இயலாதவர்கள் நல்ல பருத்திச் சேலை ஒன்றைத் தேர்ந்து, ஸ்ரீராம்புரத்துத் தையற்காரரிடமே ரவிக்கையும் தைத்து எடுத்துச் செல்லலாம். அளவு தெரிந்து தைத்த ரவிக்கையில் தெரியும் அக்கறை, விலை உயர்ந்த சேலையிலும் எப்போதும் தெரிவதில்லை.

குழந்தைகளுக்குச் சென்னபட்டணத்து மரப்பொம்மைகளைப் பரிந்துரைக்கின்றோம். பெங்களூரிலிருந்து மைசூர்ச் சாலையில் சுமார் 60 கிலோமீட்டரில் உள்ளது அவ்வூர். வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே வண்ணம் கலந்த அரக்கை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படிகின்றது. பின்னர்த் தாழை மடலைக் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்குகின்றனர். கூர்மையான விளிம்பு இல்லை. பெங்களூர்க் கடைகளிலும் அவை கிடைக்கின்றன.

இதுவரை ஊருக்குச் செல்லும் பரிசைப் பற்றியே பேசினோம். சுவருக்கு அப்பால் இருப்பவருக்கும் ஒரு பரிசு உண்டல்லவா?

விநாயக சதுர்த்திக்கு முதல் நாள் கன்னட இல்லங்களில் கௌரி பண்டிகை நடைபெறும். அன்று சுமங்கலிகள் ஒருவருக்கொருவர் பாகினம் கொடுப்பர். ஒரு சிறு முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், கருமணி, சீப்பு, சிறு கண்ணாடி, ரவிக்கைத் துணி, தேங்காய், அரிசி, பருப்பு முதலியவற்றை நிரப்பி, இன்னொரு முறத்தால் மூடி அளிப்பது வழக்கம். பெண்ணின் அலங்காரத்திற்கு வேண்டிய அனைத்தும் அந்த ஒரு முறத்துக்குள் அடங்கி விடுகின்றன! மல்லேசுவரம் எட்டாவது குறுக்குத் தெருவில் அந்நாட்களில் அதற்கான சாமான்கள் மலைபோல் குவியும். நம் பொங்கலன்றே அவர்களுக்குச் சங்கராந்தி. எள்ளும் வெல்லமும் கலந்து அண்டை வீட்டாருக்குக் கொடுத்து, இதைத் தின்று நல்ல வார்த்தை பேசுங்கள் என்பர். அத்தட்டைத் திருப்பி அனுப்பும்போது நம் சர்க்கரைப் பொங்கலும் ஒரு கரும்புத் துண்டும் அதில் இருக்கட்டும்.

இவற்றைச் சிறு செய்திகள் என்று எண்ணல் ஆகாது. 1991 டிசம்பரில் காவிரி நீர்ப் பிரச்சினையை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் மூண்டபோது, எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயின. அதே ஆண்டு அல்சூர் ஏரிக்கரையில் நிறுவிய திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டு திரை மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. நான்கு நாட்கள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. இரு மாநிலங்கள் பரிசு மாற்றிக்கொள்ளப் பதினெட்டு ஆண்டு ஆயிற்று. இரு வீடுகள் மாற்றிக்கொள்ள ஒரு முறமும் ஒரு காலைப் பொழுதும் போதும்.

முடிவாக ஒன்று. பரிசின் பொருட்டு அடகுக் கடைப் படி ஏறாதீர்கள். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை உண்டியலில் இட்டு வாருங்கள்; பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னரே பட்டியல் எழுதுங்கள்; பெயருக்கு நேரே பொருளையும், பொருளுக்கு நேரே விலையையும் குறியுங்கள். பெங்களூர்க்காரர் என்றால் செல்வர் என்று ஊர் எண்ணுவது இயற்கை; அந்த எண்ணத்தைக் காப்பாற்றக் கடன்படுவது நம் கடமை அன்று. ஒரு கட்டி சந்தன சோப்பு, இரண்டு டஜன் வளையல், ஒரு மரப்பொம்மை — இவற்றை அன்போடு நீட்டினால் வாங்காத கையும் உண்டோ? வருகின்ற பண்டிகைக்கு நம் குடும்பங்கள் கனமற்ற பெட்டியோடும், கடனற்ற மனத்தோடும் இனிதே ஊர் சென்று திரும்ப வேண்டுமென வாழ்த்துகின்றோம்.