தொண்டையில் முள்

1990களில் ராமநாதபுரத்தில் தமிழாசிரியராக இருந்தேன். எட்டாம் வகுப்பில் அன்று இல்வாழ்க்கை அதிகாரம். கீழக்கரைப் பையன் ஒருவன் எழுந்து 49ஆம் குறளை வாசித்தான். ‘அஃதும்’ வந்ததும் அடித்தொண்டையிலிருந்து ஒரு காற்றொலி. மூக்குக் கண்ணாடியைத் துடைக்குமுன் ‘ஹா’ என்று ஊதுவோமே, அந்த மூச்சு.

“என்னடா, தொண்டையில மீன் முள்ளா? இது மதரசா இல்ல. ‘அக்தும்’னு சொல்லு” என்றேன்.

வகுப்பே சிரித்தது. “அக்தும், சார்” என்றான். அந்த வருஷம் முழுக்க அவன் வாசிக்கக் கை தூக்கவில்லை.

ஆய்தத்துக்குப் பிறப்பிடம் தலை, ககரத்துக்கு அடிநாக்கும் அடியண்ணமும் என்று நன்னூல் பிரித்துச் சொல்வதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். எழுதியது கையோடு சரி. வாயில் ‘க்’தான். என் வாத்தியார் அப்படிச் சொன்னார், நானும் சொன்னேன். அந்தப் பையனோ விடியற்காலையில் ஓதப் போய், அரபியின் தொண்டை எழுத்துகள் ஆறையும் தனித்தனியே பழகியவன். அவனுக்கு அந்த இடம் தெரிந்திருந்தது.

ஓய்வு பெற்றபின் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் நூல் கைக்கு வந்தது. திராவிட மொழிகளைப் பற்றி 2003இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது. மூலத்திராவிடத்தில் ஒரு தொண்டையொலி இருந்தது, அதன் மிச்சம்தான் தமிழ் ஆய்தம் என்கிறார். ‘இஃது’ என்றும் சொல்கிறோம், செய்யுளில் ‘ஈது’ என்றும் வருகிறது. தொண்டையொலி செத்தது, போகிறபோக்கில் பக்கத்துக் குறிலை நெடிலாக்கிவிட்டது. வா–வரு, தா–தரு என்று நெடிலும் குறிலும் மாறுவதற்கும் அதையே காரணம் காட்டுகிறார். எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொண்ட முடிவல்ல இது. எனக்கு மட்டும் படிக்கப் படிக்க வியர்த்தது.

இதற்கு முன்கதை ஐரோப்பாவில் நடந்தது. 21 வயது மொழியியலாளர் சோசூர், இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் நெடில்களுக்குப் பின்னே மறைந்துபோன ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டே சொன்னார். நூலில் அச்சான ஆண்டு 1879. அவை அரபி, எபிரேயத் தொண்டையொலிகள் போன்றவை என்றார் மோலர் என்ற இன்னொரு மொழியியலாளர். ஆதாரம் வருமுன் 1913இல் சோசூர் இறந்துபோனார். 1927இல் குரிலோவிச் என்ற அறிஞர், துருக்கியில் தோண்டியெடுத்த, ஹிட்டைட் என்ற பழைய இந்தோ-ஐரோப்பிய மொழியின் களிமண் பலகைகளில் அந்த ஒலி எழுதப்பட்டிருப்பதைக் காட்டினார். சமஸ்கிருதத்தில் ‘பா’ என்றால் காத்தல்; ஹிட்டைட்டில் அதுவே ‘பஹ்ஸ்’. (உடனே தமிழும் சமஸ்கிருதமும் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்று கிளம்பிவிட வேண்டாம். இரண்டு குடும்பங்களில் தனித்தனியே நடந்த கதை.)

அங்கே மண்ணைத் தோண்டிக் கேட்டார்கள். எனக்கு மூன்றாவது பெஞ்சிலிருந்தே கேட்டது.

போன வருஷம் கீழக்கரையில் ஒரு கல்யாணம். நெய்ச்சோற்றுப் பந்தியில் “சார்” என்று ஒருவன் வந்து கையைப் பிடித்தான். அவனேதான். துபாயில் வேலையாம். பக்கத்தில் நின்ற மகளிடம், “சாருக்கு ஒரு குறள் சொல்லும்மா” என்றான். இல்வாழ்க்கையில் கடைசிக்கு முந்தினது தெரியுமா என்று நானே கேட்டேன். மடமடவென்று சொன்னாள். ‘அக்தும்’ என்றாள், தேங்காய் உடைத்தாற்போல.

“நீங்க சொல்லிக்கொடுத்த உச்சரிப்பு சார், மறக்கல” என்றான் அவன்.