தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டு

மும்பை மாகிம் ரயில் நிலையத்தின் கீழ்ப்புறம் இறங்கினால், தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டு நடக்கும் தூரத்திலேயே உள்ளது. தோல் பதனிடும் தொழிலை நாடி நெல்லைச் சீமையினின்று வந்த தமிழர் பலர் குடியேறிய தாராவியின் ஒரு மூலையே அது. மாநகரம் வேண்டாமென வீசிய வாளியும் புட்டியும் எண்ணெய் டின்னும் அங்கே மறுபிறவி எய்துகின்றன.

சிறு கொட்டகைகளில் பிளாஸ்டிக்கை வகைவாரியாகவும் நிறவாரியாகவும் பிரிக்கிறார்கள். பின்னர் இயந்திரத்தில் நொறுக்கிக் கழுவி, கூரைமேல் உலர்த்தி, உருக்கிக் கம்பியாய் இழுத்து, மணிமணியாக நறுக்குகிறார்கள். அம்மணிகளே மீண்டும் வாளியாகவும் குவளையாகவும் உருப்பெறும்.

சிறுதொழில் தொடங்க விழையும் நம் இளைஞர் அங்குக் கற்கவேண்டியது யாது? பணம் சிறிதாயினும், தரம் பிரிக்கத் தெரிந்த கண்ணே பெருமுதல். கலந்த குப்பைக்கு விலை குறைவு, பிரித்ததற்கோ கூடுதல். பாலித்தீன் துண்டு நீரில் மிதக்கும், பி.வி.சி. அமிழும். அதனைக் காண ஒரு வாளி நீர் போதும். கொளுத்தி முகர்ந்தறியும் வழக்கமும் உண்டு, பி.வி.சி.யின் புகை நஞ்சாதலால் அதனைக் கைவிடுதல் நலம்.

தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு 2022-இல் ஏலம் நடந்தது. மாடி வீடுகளில் மனிதர்க்கு இடம் கிடைக்கலாம். உலர்த்தும் கூரைக்கும் நொறுக்கும் இயந்திரத்துக்கும் இடம் எங்கே? தொழில் கற்க விரும்பும் அன்பர்கள் அவ்விடத்தை விரைவில் சென்று காண்பார்களாக.