அப்பத்தாவோட பேக்கப்!

ஹார்ட் டிஸ்க் திடீர்னு காலியான அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு அது பரண் மேல நடந்துச்சு ஃப்ரெண்ட்ஸ்!

மே மாச செமஸ்டர் லீவு. உசிலம்பட்டி பக்கத்துல எங்க தோட்டத்து வீடு. 'இருபது வயசாச்சு, ஒரு வேலை செய்யுதா பாரு' என்று அம்மா அர்ச்சனையை ஆரம்பிக்க, ரோஷத்தில் பரணைச் சுத்தம் செய்தேன். ஒரு மண் கலயம் நிறைய சாம்பல். குப்பையோடு கொட்டி, தீயும் வெச்சுட்டேன்!

அது வெறும் சாம்பல் இல்லை. வண்டு துளைக்காமல் இருக்க, சாம்பலில் புரட்டி வெச்சிருந்த அவரை விதை. தாத்தா காலத்திலிருந்து ஆடியில் ஊன்றி, தையில் காய் பறிச்சு, முத்தினதில் விதை எடுத்து... எல்லாம் அஞ்சே நிமிஷத்தில் காலி!

'கடையில வீரிய விதை வாங்கித் தர்றேன் அப்பத்தா'ன்னேன்.

'அதுல விதை எடுத்து மறு வருஷம் ஊன்றினா, அதே காய் வராதுய்யா.' அவ்வளவுதான் சொன்னாங்க. திட்டியிருந்தால்கூடத் தேவலை!

மறுநாள் காலையில் என்னை இழுத்துக்கிட்டு மூணு வீடு தள்ளிப் போனாங்க. போன ஆடியில் அப்பத்தா கொடுத்த விதை அங்கே காய்ச்சு, மறுபடி விதையாகி டப்பாவில் இருந்துச்சு. ஒரு கைப்பிடி வாங்கி வந்தோம்.

'நாம மட்டும் வெச்சிருந்தா, நமக்கே இல்லாமப் போயிரும்யா!'

கம்ப்யூட்டர் படிக்கிற நான் பேக்கப் எடுத்ததே இல்லை. பள்ளிக்கூடமே போகாத அப்பத்தா, வருஷா வருஷம் எடுத்திருக்காங்க!

இந்த ஆடியில் குழி தோண்டினது நான்தான். தைக்கு வாங்க... அவரைக்காய்ப் பொரியலும், கூடவே ஒரு கைப்பிடி விதையும் உண்டு!