பூட்டோடு நித்திரை கொள்ளாதே

'பேஜ் ஃபோல்ட்' என்பதைப் பக்கப் பிழை என்று தமிழாக்கினால் யாரோ பிழை விட்டது போலத்தான் காதில் விழும். ஆனால் அது கணினிக்குள் ஒவ்வொரு நாளும் எத்தனையோ தரம் நடக்கிற சாதாரண அலுவல். இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு ஒரு கிழமை எடுத்தது.

நாங்கள் மூன்று பேர். நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை. மூன்று பேரும் கலைப்பீடம். அறையில் நாலாவதாக இருக்கிற பிள்ளை கணினி விஞ்ஞானம். அவள் பரீட்சைக்குப் படிக்கேக்க, "கேர்னல் நித்திரை கொள்ளக் கூடாத இடங்கள்" என்று ஒரு தலைப்பு. கணினிக்கு என்னடி நித்திரை என்று கேட்டோம். "எடியே, ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு இது என்னத்துக்கு?" என்றாள். அதுக்காகவே படித்தோம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய லினக்ஸ் கேர்னலின் குறியீட்டை யாரும் திறந்து வாசிக்கலாம். எங்கட அண்ட்ராய்ட் போன்களுக்குள்ளும் ஓடுவது அதுதான்.

கணினி தன் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பக்கம் பெரும்பாலும் 4096 பைட். ஒரு புரோகிராம் கேட்கிற பக்கம் நினைவகத்தில் இல்லாவிட்டால், புரொசெசர் வேலையை நிறுத்திக் கேர்னலைக் கூப்பிடும். கேர்னல் அந்தப் பக்கத்தை டிஸ்க்கில் இருந்து எடுத்து வரும். நூலகத்தில் கேட்ட புத்தகத்தை உள்அறையில் இருந்து கொண்டு வரும்வரை மேசையில் இருக்கிற மாதிரி. 1962 இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. டிஸ்க் மெதுவானது. அதனால் பக்கம் வரும்வரை கேட்ட புரோகிராமை நித்திரையாக்கிவிட்டு, கேர்னல் வேறொரு புரோகிராமை ஓட விடும். ஒருவருக்கும் நட்டமில்லை.

சிக்கல் பூட்டில்தான் தொடங்குகிறது.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் 'பாதை' ஓடுகிறது. வெளியூர் ஆக்களுக்குச் சொல்ல வேணும், அது றோட்டு இல்லை. ஆக்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடலைக் கடக்கிற மிதவை. அதை ஓட்டுபவர் ஒரு கரையில் கட்டிவிட்டு அதற்குள்ளேயே படுத்தால் இரண்டு கரையும் நிற்கும். கேர்னலுக்குள்ளும் சில தரவுகளை ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொடலாம். அதற்குத்தான் பூட்டு. 'ஸ்பின் லொக்' என்ற வகையில், பூட்டுக் கிடைக்காதவர் நித்திரைக்குப் போக மாட்டார். நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி "விட்டாச்சோ, விட்டாச்சோ" என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பிடித்தவர் கண் மூடித் திறக்க முன் விட்டுவிடுவார் என்ற நம்பிக்கை அது. பிடித்தவர் இடையில் ஒரு பக்கத்தைத் தேடப் போய், அது இல்லாமல், பூட்டோடு நித்திரையானால்? கணினியில் ஒரே ஒரு புரொசெசர்தான் என்றால், சுற்றுகிறவர் அதை விடமாட்டார். நித்திரையானவர் எழும்பி ஓட இடமில்லை. எல்லாம் அப்படியே உறைந்துவிடும்.

இதைவிட வேடிக்கையான ஒரு சம்பவமும் உண்டு. ஒரு ஃபைலின் ஒரு பக்கத்தில் எழுத வேணும். எழுத வேண்டிய விஷயத்தை எடுப்பதும் அதே பக்கத்தில் இருந்துதான். கேர்னல் பக்கத்தைப் பூட்டிவிட்டுப் படியெடுக்கப் போகிறது. பக்கம் இன்னும் நினைவகத்துக்கு வரவில்லை. அதைக் கொண்டுவர அதே பூட்டு வேணும். தான் பிடித்திருக்கிற பூட்டுக்காகத் தானே காத்துக்கொண்டு நிற்கும்.

லினக்ஸ்காரர் இதற்குச் செய்த வழி எங்களுக்கு நல்லாப் பிடித்தது. பூட்டைத் தொட முன்னரே தேவையான பக்கத்தைத் தொட்டு உள்ளே வரவழை. பிறகு பூட்டு. பூட்டி இருக்கும்போது நித்திரைக்கு அனுமதி இல்லை என்று வைத்துக்கொண்டு படியெடு. அந்த இடைவெளியில் பக்கம் திரும்பவும் போயிருந்தால் காத்து நிற்காதே. பூட்டை விட்டு வெளியில் வா, பக்கத்தைக் கொண்டு வா, திரும்ப முயற்சி செய். நித்திரை வரக்கூடிய வேலைகளின் வாசலிலே 'மைட் ஸ்லீப்' என்று ஒரு காவலும் உண்டு. சோதனை வசதியைப் போட்டு வைத்தால், பூட்டோடு உள்ளே வருபவரை அது பிடித்துச் சத்தம் போடும். அன்றைக்கு உண்மையில் நித்திரை வராவிட்டாலும் போடும். இன்றைக்குத் தப்பியது நாளைக்குத் தப்பாது என்று அதற்குத் தெரியும்.

தீவார் பொறுமைசாலிகள் என்று எங்களைச் சொல்லுவார்கள். உண்மைதான், காத்திருப்பு எங்களுக்குப் பழக்கம். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. அதுக்கு ஆரோடு சண்டை பிடிக்கிறது? ஆனால் போன வருஷம் எங்களில் ஒருத்தி உதவிப்பணப் படிவத்துக்கு ஒரு கையெழுத்தும் சீலும் வாங்க, நெடுந்தீவில் இருந்து காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து ஓர் அலுவலகத்துக்குப் போனாள். சீல் அலுமாரிக்குள். அலுமாரித் திறப்பு லீவில் போனவரிடம். "நாளைக்கு வாங்கோ." நாளைக்கும் அவர் வரவில்லை. முடிவுத் தேதி போய்விட்டது. அந்த வருஷம் அவளுக்கு உதவிப்பணம் இல்லை.

அவர் லீவு எடுத்ததில் எங்களுக்குக் கோபமில்லை. எல்லாருக்கும் நித்திரை வேணும். திறப்பை ஆரிடமாவது குடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் நல்லவரா கெட்டவரா என்பதும் இங்கே கேள்வி இல்லை; திறப்போடு வெளிக்கிடுகிறவரை வாசலில் மறித்துக் கேட்க ஓர் ஒழுங்கு அங்கே இல்லை. கேர்னலில் சட்டம் காத்திருப்பவருக்குப் பொறுமை சொல்லித் தருவதில்லை. அது பிடித்திருப்பவரைத்தான் கட்டுப்படுத்துகிறது.

எங்கட ஊர்களில் பாடம் எப்பவும் மற்றப் பக்கத்துக்குத்தான் நடக்கிறது. விடிய எழும்பு, வேளைக்கு வா, வரிசையில் நில், கோபப்படாதே. நாங்கள் அதை நல்லாப் படித்துவிட்டோம். இனி ஆரும் "நாளைக்கு வாங்கோ" என்றால், மரியாதையாகவே ஒரு கேள்வி கேட்பதாக இருக்கிறோம்: "திறப்பு ஆரிட்ட இருக்கு, ஐயா?"