படத்தில் எஞ்சிய பட்டினம்

இடவிளக்கப்படம் நிலத்தின் தோற்றத்தை மட்டுமே காட்டுவதென்பது பொதுவான எண்ணம். ஆயின் ஒரே பிரதேசத்தின் இரு காலப் படங்களை அருகருகே விரித்து நோக்குமிடத்து, அவை காலத்தையும் வரைந்து வைத்துள்ளமை புலனாகும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள தும்பறைப் பள்ளத்தாக்கு இதற்குத் தக்க சான்றாகும்.

1800 இல் நிறுவப்பெற்ற நில அளவைத் திணைக்களம், பிற்காலத்தில் இலங்கை முழுவதையும் 72 தாள்கள் கொண்ட ஓரங்குலப் படத்தொகுதியில் அடக்கியது. ஒரு மைல் நிலம் ஓரங்குலமாகச் சுருங்கிய அப்படத்தில் மகாவலி கங்கை நதியாகவே ஓடுகின்றது. ஹுலு கங்கை வந்து அதனுடன் கலக்கின்றது. கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் தெல்தெனியா பட்டினம் அமைந்திருக்கின்றது. புகையிலைக்கும் கொக்கோவுக்கும் பெயர்பெற்ற பள்ளத்தாக்கு அது.

பின்வந்த 1:50,000 அளவுத்திட்டப் படத்திலோ அவ்விடத்தே விக்டோரியா நீர்த்தேக்கம் பரந்து கிடக்கின்றது. துரித மகாவலித் திட்டத்தின் கீழ் எழுந்த 122 மீற்றர் உயரமான அணை 1985 இல் திறந்துவைக்கப்பட்டது. பழைய பட்டினம் நீருள் மறைய, மக்கள் திகன முதலான இடங்களிற் குடியமர்த்தப்பட்டனர்.

ஈண்டு மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. நீர்த்தேக்கத்தின் உச்ச நீர்மட்டம் 438 மீற்றர். ஏறக்குறைய 1437 அடி. எனவே, பழைய படத்தின் 1400 அடி, 1500 அடிச் சமவுயரக் கோடுகளுக்கிடையே, வரையப்படாத வருங்காலக் கரை முன்னரே மறைந்திருந்தது. நில அளவையாளர் அதனைக் கருதினாரல்லர். அக்கோட்டின் கீழ் வாழ்ந்தோர் அறிந்தாருமல்லர். பொறியியலாளர் அக்கோடுகளில் ஒரு கொள்கலனைக் கண்டனர். குடியிருந்தோருக்கு அதுவே ஊர்.

மின்சாரமும் நீர்ப்பாசனமும் நாடு பெற்ற நன்மைகள் என்பதை மறுத்தற்கில்லை. அவற்றுக்கு யாது கொடுக்கப்பட்டது என்பதனைப் புதிய படம் கூறாது. நீலநிறம் எதனையும் நினைவுகூர்வதில்லை. பழைய படமும் முற்றாகக் கூறுவதன்று. வீடு அதில் ஒரு சிறு குறி. அங்கு வாழ்ந்தவர் நிலவுடைமையாளரா, குத்தகையாளரா, கூலியாளரா என்பதற்குக் குறியீடில்லை.

கடும் வரட்சியில் நீர் தாழும்போது பழைய தெல்தெனியாவின் கட்டிட எச்சங்கள் வெளிப்படுவதுண்டு. ஏனைய காலங்களில் அவ்வூர் எங்கிருந்தது என்பதற்கு அப்பழைய தாளே சாட்சி. புதிய பதிப்பு வந்ததும் பழையதைக் காலாவதியானதென ஒதுக்குதல் எளிது. ஆயின் அவ்வாறு ஒதுக்குமிடத்து, ஓர் ஊர் இரண்டாம் முறையும் மூழ்கிப்போகும்.