கடைசி இடத்து அணியின் ரசிகை

இங்கிலாந்தின் டெர்பிஷயர் கவுண்ட்டி அணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், நம் தமிழ்நாட்டு வெங்கட்ராகவன் 1973 முதல் 1975 வரை அந்த அணிக்கு ஆடினார் என்பதுதான். அந்த மாவட்டத்தில் இருக்கும் செஸ்டர்ஃபீல்டுக்கு நான் போனதும் கிரிக்கெட்டுக்காக அல்ல. 2024 அக்டோபரில் ஷெஃபீல்டில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, பக்கத்து ஊரில் திறந்தவெளிச் சந்தை நன்றாக இருக்கும் என்றார்கள். போய் இறங்கியதும் தூறல் பிடித்துக்கொண்டது. சந்தையில் பாதிக் கடைகள் தார்ப்பாய் மூடிக் கிடந்தன. எல்லோரும் படம் பிடிக்கும் தேவாலயத்தின் கோணல் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கக்கூட மனமில்லாமல் ஒரு சின்ன உணவுக்கடைக்குள் ஒதுங்கினேன்.

அங்கே ஓட்கேக் கிடைத்தது. பெயரைக் கேட்டு இனிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்ஸ் மாவைப் புளிக்கவைத்துச் சூடான கல்லில் ஊற்றி எடுப்பது. நம் கோதுமை தோசையை நன்றாகத் தடித்து வார்த்தால் எப்படியிருக்குமோ அப்படி. உள்ளே பாலாடைக்கட்டி உருகி ஓரங்களில் வழிந்து, கல்லில் பட்டுக் கருகி மொறுமொறுவென்று ஒட்டியிருந்தது. பல நாள் ரொட்டிக்குப் பிறகு, புளித்த மாவின் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு உயிர் வந்தது.

கடையில் இடம் குறைவு. என் மேசையில் எதிரே எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, நீளமான ஒரு நோட்டில் அளவுகோல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கிரிக்கெட் ஸ்கோர்புக். அக்டோபரில் யார் ஆடுகிறார்கள் என்று கேட்டேன். “யாரும் ஆடவில்லை தம்பி. ஏப்ரலுக்குக் கட்டம் போடுகிறேன்” என்றார்.

அந்த ஆண்டு கவுண்ட்டி சாம்பியன்ஷிப் இரண்டாம் பிரிவில் எட்டு அணிகள். எட்டாவதாக முடித்தது டெர்பிஷயர். அதற்கும் கீழே இறங்க இடமில்லை. இந்த அணி சாம்பியன்ஷிப்பை வென்றது ஒரே ஒரு முறை, 1936இல். இதெல்லாம் அவரே சொன்னதுதான், குரலில் கூச்சமோ புலம்பலோ இல்லாமல்.

கவுண்ட்டி கிரிக்கெட் ரசிகர்கள் என்றாலே எனக்கு ஒரு சித்திரம் உண்டு: மடிப்பு நாற்காலி, போர்வை, பிளாஸ்க்கில் தேநீர், பாதித் தூக்கம். பொழுதுபோக இடமில்லாத முதியவர்கள் என்றே எண்ணியிருந்தேன். என் ரசிகத்தனமோ ஐந்து ஐபிஎல் கோப்பை வென்ற சென்னை அணியின் நிழலில் வளர்ந்தது. ஜெயிக்கும் அணியை நம்புவதில் என்ன சிரமம்? அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன்: “பக்கத்து மாவட்டம் நாட்டிங்காம்ஷயர். டிரென்ட் பிரிட்ஜ் மாதிரி மைதானம், டெஸ்ட் வீரர்கள், கோப்பைகள். அங்கே போய்ப் பார்க்கலாமே?”

பென்சிலைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது.

“நாங்கள் வளர்க்கிற பையன்கள் போவதும் அப்படித்தான். பதினாறு வயதில் கண்டெடுத்து, ஆறு வருடம் பந்து போடச் சொல்லிக்கொடுத்து, ஆளான பிறகு பெரிய கவுண்ட்டி வந்து கூட்டிக்கொண்டு போய்விடும். ஆகஸ்ட் மாத வெயிலை ‘ஹண்ட்ரட்’ என்ற நூறு பந்துப் போட்டி எடுத்துக்கொண்டது. எங்கள் நான்கு நாள் ஆட்டத்துக்கு ஏப்ரல் குளிரும் செப்டம்பர் இருட்டும்தான் மிச்சம். இப்போது ரசிகர்களும் போக வேண்டுமா?”

மன்னிப்புக் கேட்கும் குரலில் நான் ஏதோ சொல்ல, அவர் நோட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். முடிந்துபோன சீசனின் பக்கங்கள். ரன்கள் பென்சிலில், விக்கெட்டுகள் சிவப்பு மையில். ஓரத்தில் வானிலைக் குறிப்பு. விக்கெட்டே விழாத ஓர் இளைஞனின் ஓவர்களில், புள்ளிகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கூட்டல் குறிகள் இருந்தன. பந்து மட்டையின் விளிம்பை ஏமாற்றிச் சென்ற ஒவ்வொரு முறையும் அவர் போட்ட குறி அது. செய்தித்தாளில் அன்றைய கணக்கைப் படித்தவர்களுக்கு அந்தப் பையன் விக்கெட் எடுக்காதவன். இந்தப் பக்கத்தைப் படித்தால் அவன் அடுத்த ஆண்டு எடுக்கப்போகிறவன்.

கடைசி இடத்தில் முடித்த அணியை நம்புவது தன்னையே ஏமாற்றிக்கொள்வதுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கூட்டல் குறிகளைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து கனவு கண்டதல்ல, குளிரில் நாள் முழுக்க உட்கார்ந்து பந்து பந்தாகப் பார்த்துச் சேர்த்தது அந்த நம்பிக்கை.

“இதைவிட மோசமான வருடம் உண்டு, தெரியுமா?” என்றார். 1920. டெர்பிஷயருக்குப் பதினெட்டு ஆட்டம். பதினேழில் தோல்வி. மிச்சம் ஒன்றில் மழையால் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. “அந்த வருடம் பில் காப்சனுக்குப் பன்னிரண்டு வயது.”

காப்சன் பிறந்தது அதே மாவட்டத்தில், ஸ்டோன்புரூம் என்ற ஊரில். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த பையன். கிரிக்கெட்டில் நாட்டமே கிடையாது. 1926இல் பெரிய வேலைநிறுத்தம் வந்து சுரங்கம் மூடியபோது, சும்மா இருந்த ஆட்கள் பொழுதுபோக்க ஆடிய ஆட்டத்தில்தான் பந்தைக் கையில் எடுத்தான். வேகமும் குறியும் தானாகவே கூடியிருந்தன. 1932இல் டெர்பிஷயருக்கு இறங்கி, முதல்தர கிரிக்கெட்டில் வீசிய முதல் பந்திலேயே சர்ரேயின் சாண்டமை வீழ்த்தினார். 1936இல் அணி கோப்பை வென்றபோது பந்துவீச்சின் தூண் அவர்தான். அவர் பந்து வீசுவதைப் பார்த்திருந்த தன் அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான் என்றார் அந்த அம்மாள்.

“1920இல் மைதானத்தில் உட்கார்ந்து அழுதவர்களுக்கு அந்தப் பையன் இருப்பதே தெரியாது. அவனுக்கே தெரியாது. இப்போதும் எங்கோ ஒரு பன்னிரண்டு வயது இருக்கும்.”

மழை விட்டதும் குயின்ஸ் பார்க் மைதானத்துக்கு அழைத்துப் போனார். கோடையில் டெர்பிஷயர் சில நாள் வந்து ஆடும் இடம். ஊர்ப் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. எல்லைக்கோட்டை ஒட்டி நாய்களோடு ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். 1904இல் இங்கே எசெக்ஸின் பெர்சி பெரின் ஆட்டமிழக்காமல் 343 ரன் எடுத்தார், அணி 597. டெர்பிஷயருக்கு அப்போதே தலையில் துண்டு போட்டுக்கொள்ள வேண்டிய நிலைமை. ஆனால் செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட சார்லஸ் ஒலிவியர் என்ற கறுப்பின வீரர் 229 அடித்தார். அடுத்து எசெக்ஸ் 97 ரன்னில் சுருண்டது. டெர்பிஷயர் ஒன்பது விக்கெட்டில் வென்றது. நேற்று மாலை நடந்தது போல, எந்தப் பக்கத்திலிருந்து பந்து வீசினார்கள் என்பது முதற்கொண்டு கைகாட்டிச் சொன்னார்.

அவர் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் தந்த இன்னொன்று: பதினெட்டு கவுண்ட்டிகளில் பதினைந்து இன்றும் உறுப்பினர்களுக்குச் சொந்தமானவை, டெர்பிஷயர் உட்பட. ஆண்டுக் கூட்டத்தில் அவருக்கு ஒரு வாக்கு உண்டு. தோற்றால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் போகிற பார்வையாளர் அல்ல அவர், அந்தத் தோல்வியிலும் பங்குதாரர். அடுத்த ஆண்டுக்கான சந்தாவை அப்போதே கட்டியாகிவிட்டது.

பிரியும் நேரத்தில் கேட்டார்: “உங்கள் ஊர் அணி எப்படி ஆடுகிறது?” நான் சென்னை சூப்பர் கிங்ஸைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், “அது இல்லை, நான்கு நாள் ஆடும் அணி. வெங்கட் ஆடிய அணி” என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் ரஞ்சி அரையிறுதியில் தமிழ்நாடு மும்பையிடம் தோற்றது மட்டும் நினைவிருந்தது. வளர்ந்துவரும் இளம் பந்துவீச்சாளர் யாரென்று அவர் அடுத்துக் கேட்டபோது, நினைவிருக்கவும் ஒன்றுமில்லை.

தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையைக் கடைசியாக வென்றது 1987-88இல். அதற்கு முன்பு ஒரே ஒரு முறை, மெட்ராஸ் என்ற பெயரில், 1954-55இல். ஆட்டங்கள் சேப்பாக்கத்திலும் கோவையிலும் சேலத்திலும் நத்தத்திலும் நடக்கின்றன. பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் கிடையாது, இருக்கைகளுக்கும் பஞ்சமில்லை. இந்த சீசனில் ஒரு நாளாவது போய் உட்காருங்கள். போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள்.